முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க

எனக்கு மூக்கு மேல் கோபம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் "லைன் கிடைக்கலை, லைன் கிடைக்கலை" என்று ஊரே காதுக்குள் கத்தும். பதிலுக்கு நானும் கத்தித்தான் காலம் தள்ளினேன். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு நாய்க் கண்காட்சிக்கு நடுவராகப் போட்டார்களே, அது எங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்தின் முதல் துணிச்சல். "தாம்பரம் பக்கத்துல மூணு பேர் நடுவராகணும்னு நிக்கறாங்க, நீங்களே கத்துக் கொடுத்திடுங்க" என்றது இரண்டாவது துணிச்சல். எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி அது. பொங்கல் முடிந்து தெருவெல்லாம் கரும்புச் சக்கை கிடந்தது.

மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் இரும்புலியூரின் பழைய குடும்பத்துக்காரர். நெல் விளைந்த நிலமெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, செங்கல், ஜல்லி வியாபாரத்தில் இறங்கியிருந்தார். வாசலில் எப்போதும் நாலைந்து நாய் படுத்திருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். இரண்டாவது ஆள் சேலையூர்ப் பக்கம் காலனியில் குடியிருந்த கணக்கு டீச்சர். பேப்பர் திருத்தியே பழகிய கை, ஆனால் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். மூன்றாவது ஆள் ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர் ஆனவர். விமான இன்ஜின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். அவர் போட்டிருக்கும் ஷூவில் நாம் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. எல்லோருக்கும் அவர் சார்ஜென்ட்.

சார்ஜென்ட்டை எனக்கு முன்பே பழக்கம். மெட்ராஸில் எங்கே கண்காட்சி நடந்தாலும், நாய்களை ஓடவிட்டுப் பார்க்கிற ரிங்குக்குள் நடுவருக்கு உதவியாக நிற்பார். நம்பர் கூப்பிடுவார், நாய்களை வரிசையில் நிறுத்துவார், நடுவர் விரல் நீட்டி "இது முதல்" என்று காட்டியதும் ரிப்பன் தட்டை ஏந்திக்கொண்டு வருவார். முதல் வகுப்பன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், இத்தனை வருஷமா அடுத்தவங்க விரல் காட்டின நாய்க்கு ரிப்பன் தூக்கியிருக்கேன். ஒரே ஒரு தடவை என் விரலால, இதுதான் முதல்னு காட்டணும். சரியான நாயைக் காட்டணும். வேற ஆசை இல்லை."

"அதுக்கென்ன சார், காட்டிடலாம்" என்றேன். நான் எதையும் அப்படித்தான் சொல்வேன்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணாவின் நெல் களத்தில். நிலம் போய்விட்டது, களம் மட்டும் சிமெண்ட் பூசி அப்படியே நின்றது. ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. பாடம் ஒன்றே ஒன்றுதான்: அல்சேஷனின் நடை. அந்த நாட்களில் யாரும் ஜெர்மன் ஷெப்பர்டு என்று சொல்லமாட்டார்கள், அல்சேஷன்தான். நிற்கும்போது எந்த நாயையும் அழகாக நிறுத்திக் காட்டிவிடலாம். முதுகைத் தடவி, காலை இழுத்து வைத்து, வாய்க்கு எதிரில் பிஸ்கட் காட்டினால் எல்லா நாயும் மகாராஜாதான். நடக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, டிராட் என்போம். அதில் முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து போகும். நல்ல அல்சேஷன் டிராட்டில் போனால் அதன் முதுகில் காபி டம்ளரை வைத்துக்கூட அனுப்பலாம், ஒரு சொட்டு சிந்தாது. என் வீட்டுப் பெண் நாய் அப்படித்தான் போகும். அதை வைத்துத்தான் பாடமே ஆரம்பித்தேன்.

முதல் மாதம் என் தொண்டை போனதுதான் மிச்சம். ஏனென்றால் மூன்று பேருக்கும் நாயைப் பார்க்கத் தெரியவில்லை, முகத்தைத்தான் பார்க்கத் தெரிந்தது. "இன்னா மேடம், மூஞ்சியப் பாருங்க, எப்டி கீது! ராஜா மாரி கீது. இதுக்குப் போயி காலு கோணல்ன்றீங்களே" என்பார் அண்ணா. "அண்ணா, மூஞ்சியால நடக்குமா அது? முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க!" என்று நான் கத்துவேன். களத்து ஓரம் படுத்திருந்த அவருடைய நாய்கள் எழுந்து வேறு இடம் போய்ப் படுக்கும்.

அதைவிடப் பெரிய பேஜார் ஒன்று இருந்தது. பாடத்துக்கு நாய் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து மனிதர்கள். சிலர் பிளாஸ்க்கில் காபி வேறு கொண்டுவந்து எங்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு அவர்கள் எதிரிலேயே "உங்க நாய்க்குப் பின்னங்கால் உரசுது" என்று எப்படிச் சொல்வது? மூன்று பேருக்கும் வாய் வராது. நாய் போய்த் திரும்பி வந்து நிற்கும். "என்ன டீச்சர், சொல்லுங்க" என்பேன். டீச்சர் சொந்தக்காரரைப் பார்த்துச் சிரிப்பாள், நாயைப் பார்த்துச் சிரிப்பாள், "நல்லா இருக்கு அக்கா... கலந்துக்கிட்டுச் சொல்றோமே" என்பாள்.

"பொண்ணு பார்க்கவா வந்திருக்கே? பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டாச்சு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்லிட்டுக் கிளம்பேன்!"

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாய் வந்தபோது அவரும் அதையேதான் செய்தார். தாடையைச் சொறிந்துகொண்டு, "கொறன்னு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். நல்ல எடத்து நாயி" என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் போர்வை யோசனை வந்தது. களத்தில் இரண்டு கம்பம் இருந்தது. குறுக்கே கயிறு கட்டி, கட்டம் போட்ட போர்வைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். தரைக்கு மேல் ஒரு முழம் மட்டும் இடைவெளி. அந்தப் பக்கம் நாய் போகும், இந்தப் பக்கம் இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். முகம் கிடையாது, வால் கிடையாது, சொந்தக்காரர் கிடையாது, கால் மட்டும்தான். எப்பேர்ப்பட்ட யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதல் நாய் போனதும் அண்ணா எழுந்து நின்றார். "மேடம், இது எங்க வூட்டு நாயி. கண்டுபுட்ச்சிட்டேன்."

"எப்படி அண்ணா?"

"கூட ஓட்றது என் மச்சான். அது அவன் லுங்கி."

அப்புறம் எல்லா நாயையும் அந்த மச்சானே பிடித்துக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போவார். ஆனால் போர்வை வேலை செய்தது. முகம் மறைந்ததும் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது. டீச்சர், "முட்டி ரெண்டும் உள்ளே வருது" என்று பட்டென்று சொன்னாள். அண்ணா, "இது இன்னாது, பின்னங்காலு நொண்டிகினு வருது" என்றார். அந்த நாய் அவருடையதுதான் என்று போர்வையை விலக்கிக் காட்டினேன். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் இப்படியென்றால் சார்ஜென்ட் வேறு ரகம். அவர் பெஞ்சில் உட்காரமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். நாய் ஒரு தடவை போய் வந்ததும், "இடது பின்னங்கால் நகம் தரையில தேயுது மேடம்" என்பார். அடுத்ததுக்கு, "முன்னங்காலைத் தூக்கி வைக்கலை, தொப்புத் தொப்புனு போடுது" என்பார். போர்வையை விலக்கிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். எனக்கு ஒரே பெருமை. ரயில் போகும்போதோ லாரி ஹாரன் அடிக்கும்போதோ நாய் ஓடினால், "மேடம், இன்னொரு தடவை" என்று கேட்பார். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஓடுவார். "பார்த்தீங்களா, சந்தேகம் இருந்தா சார்ஜென்ட் மாதிரி திரும்பக் கேக்கணும். அதுதான் நடுவருக்கு லட்சணம்" என்று மற்ற இரண்டு பேருக்கும் பாடம் வேறு எடுத்தேன். என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல.

சித்திரை வெயிலில் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் கொழுகொழுவென்று ஒரு அல்சேஷனைக் கொண்டுவந்தார். அது டிராட் போகாது. ஒரே பக்கத்துக் கால் இரண்டையும் சேர்த்து எடுத்து வைத்து, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு போகும். அதை பேசிங் என்போம், ரிங்கில் பெரிய குறை. போர்வையைக் கழற்றிவிட்டே ஓடவிட்டேன், குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். "ஒட்டகம் மாரி ஆடிகினு வருது மேடம்" என்றார் அண்ணா. டீச்சரும் அதையே சொன்னாள். சார்ஜென்ட் மட்டும் தலையை நிமிர்த்தி, "முதல் தரம் மேடம். தாளம் தப்பவே இல்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நகம் தேய்வதைச் சொல்கிற மனிதருக்கு, நாய் மொத்தமாகப் படகு மாதிரி ஆடுவது தெரியவில்லையா? வெயில் ஜாஸ்தி, தலை சுற்றியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வைகாசியில் அண்ணாவின் வீட்டில் கல்யாணம் வந்தது. களத்தில் பந்தல் போட்டு, ஆற்று மணலை லோடு லோடாகக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கல்யாணம் முடிந்த ஞாயிறு பந்தலைப் பிரித்துவிட்டார்கள், மணல் அப்படியே கிடந்தது. "மணல்லயும் ஓட விட்டுப் பார்ப்போமே, கண்காட்சி எல்லாம் புல்தரையிலதானே நடக்குது" என்று நான்தான் சொன்னேன். மச்சான் என் பெண் நாயைப் பிடித்துக்கொண்டு போனார், வந்தார். டீச்சர் சொன்னாள், அண்ணா சொன்னார். சார்ஜென்ட் பக்கம் திரும்பினேன்.

"சார்?"

"இன்னொரு தடவை மேடம்."

ரயில் எதுவும் போகவில்லை. லாரி இல்லை. நாய் இன்னொரு தடவை போய் வந்தது. நான் இந்தத் தடவை நாயைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். நாய் இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவர் கண் நேரே எதிரில் இருந்த தென்னை மரத்தில் நின்றது. கழுத்து மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. இருபது வருடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா? மனுஷன் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மற்றவர்கள் போன பிறகு பிடித்து நிறுத்தினேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "உங்க கண்ணுக்கு என்ன சார்?" என்றேன்.

அவர் மறைக்கவில்லை. "நரம்பு மேடம். கண்ணுல பிரஷர். ஆபரேஷன் பண்ணினாலும் போன பார்வை திரும்பாதாம். இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து விடறேன். நேரா இருக்கறது தெரியும். இப்ப உங்க முகம் தெரியுது, கோபம் தெரியுது. பேப்பர் படிக்கறேன். ஆனா சுத்திலும் இல்லை. குழாய் வழியா பார்க்கற மாதிரி. நாய் நின்னா தெரியும், ஓடினா குழாயை விட்டு ஓடிடுது."

"அப்ப இவ்வளவு நாள்?"

"சிமெண்ட்ல கால் சத்தம் கேக்குமே. இன்ஜின் சத்தத்தை வெச்சே கோளாறு சொன்னவன் மேடம் நான்."

ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். கன்னாபின்னாவென்று கத்தினேன். பார்வை இல்லாமல் நடுவரா, நாய் வளர்க்கிறவன் வயிறெரியமாட்டானா, பேசிங் போன நாயை முதல் தரம் என்றீர்களே, நாளைக்கு ரிங்கில் அப்படிச் சொன்னால் என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது, எல்லாம் கேட்டேன். அவர் அசையாமல் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னார்:

"நியாயம்தான் மேடம். நான் ரிங்குல நடுவரா நிக்கப் போறதில்லை. ஆடி மாசம் பரீட்சை வைக்க பெங்களூர்லேருந்து ஒருத்தர் வர்றாரில்ல? அவர் முன்னாடி ஒரு தடவை விரல் காட்டிடறேன். சரியா காட்டினேன்னு அவர் சொல்லிட்டா, அடுத்த நிமிஷம் நானே என் கண்ணைப் பத்திச் சொல்லி விலகிக்கறேன். நானே சொல்லணும் மேடம். யாரும் கண்டுபிடிச்சுச் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்."

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். "நானா வாயைத் திறக்க மாட்டேன் சார். ஆனா அவர் என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். "அது போதும் மேடம்" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பேசிங் நாயை என்ன செய்வது என்பதை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். காதுக்கு பேசிங்கும் டிராட்டும் ஒரே மாதிரி இரண்டு தட்டுதான், வித்தியாசம் தெரியாது. ஆனால் மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுக்கச் சொன்னால், பேசிங் போகிற நாய் டிராட்டுக்கு மாறும்போது ஒரு இடத்தில் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் கேட்கும். மணலை வாரிய பிறகு களத்தில் பெருங்களத்தூர் நாயை வரவழைத்துப் பார்த்தோம். தடுமாறியது, கேட்டது. அவர் சின்னப் பையன் மாதிரி கை தட்டினார். எனக்கும் கண் கலங்கியது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, பக்கவாட்டில் நின்ற என்னை அவருக்குத் தெரியாது, நான் திரும்பியிருக்கவே வேண்டாம்.

பரீட்சை குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பெங்களூர்க்காரர் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். நம்ம ஊர்த் தமிழ்தான், நடுநடுவே கன்னட வாடை. மூன்று அல்சேஷன்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அவற்றை ஓடவிட்டுப் பார்த்து, முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி, காரணம் சொல்லவேண்டும். தரை முழுக்கப் புல். புல்லில் கால் சத்தம் கேட்காது. ஆனால் நடு மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆட சிமெண்ட் பிட்ச் ஒன்று போட்டிருந்தார்கள். சார்ஜென்ட் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

டீச்சர் முதலில் போனாள். கிணற்றுக்குள்ளிருந்த குரல் மேலே ஏறி வந்துவிட்டது. "சாரி சார், உங்க நாய்க்குப் பின்னங்கால் முட்டி உரசுது, மூணாவதுதான்" என்று சொந்தக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த மனிதர் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. அண்ணா அடுத்து. கால், முட்டி, முதுகு எல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் பொறுக்கமுடியாமல், "ஆனா மூஞ்சி இன்னா சோக்கா கீது பாருங்க சார்" என்றார். பெங்களூர்க்காரர் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் தேறினார்கள்.

சார்ஜென்ட் பெயரைக் கூப்பிட்டதும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. ஆடி மாசம், கூழ் ஊற்றுகிறார்கள். உடுக்கையும் பம்பையும் மைதானத்தையே தூக்கியது. இதில் சார்ஜென்ட்டுக்கு நாயின் கால் சத்தம் எங்கே கேட்கும்? நான் யாரையும் கேட்கவில்லை. கேன்வாஸ் ஷூவோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினேன்.

"ஐயா, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. உள்ளே பரீட்சை நடக்குது."

மைக் செட்காரர் பீடியை எடுத்தார். "ஞாயித்துக்கெயம இன்னா பரீச்ச?"

"நாய்ப் பரீட்சை."

"நாயிக்கா? நாயிக்கோசரம் ஆத்தா பாட்ட நிறுத்தச் சொல்றியே, சாமி கண்ணக் குத்திடும்மா!"

"குத்தியாச்சு ஐயா! அதுக்குத்தான் வந்திருக்கேன், நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கூழுக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் பட்டனைத் திருகினார். "ஒரு டீ குட்ச்சிட்டு வரேன். அவ்ளோதான்" என்றார்.

திரும்பி வந்தபோது சார்ஜென்ட் பிட்ச்சின் ஒரு முனையில் நின்றிருந்தார். "சார், நாய்ங்க இந்த சிமெண்ட் மேல ஒண்ணொண்ணா வரட்டும். மெதுவா ஆரம்பிச்சு வேகம் எடுக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். பெங்களூர்க்காரர் புருவத்தை உயர்த்தி, "நல்ல யோசனை, வழுக்காத தரை" என்றார். முதல் நாய் வந்தது. தொப், தொப். இரண்டாவது வந்தது, நகம் கீறியது. எனக்கே கேட்டது. மூன்றாவது வந்தது. சத்தம் வந்ததா என்றே சந்தேகம். காய்ந்த இலை உருள்கிற மாதிரி லேசாக, ஒரே சீராக, வேகம் எடுக்கும்போதும் இம்மியும் பிசகாமல் வந்தது. சார்ஜென்ட் உள்ளங்கையைக் காட்டி அதைத் தன் எதிரிலேயே நிறுத்தினார். குனிந்து நேராகப் பார்த்தார். நிமிர்ந்து, வலது கையை நீட்டி, ஆட்காட்டி விரலால் காட்டினார்.

"இதுதான் முதல்."

காரணம் சொன்னார். நகம் கீறியது இரண்டு, தொப்பென்று போட்டது மூன்று என்றார். குரல் கணீரென்று இருந்தது. பெங்களூர்க்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "என் வரிசையும் அதேதான் சார். பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்து கையை நீட்டினார்.

சார்ஜென்ட் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கண் பார்த்து, மனசு நிறைந்து சிரித்தார். இடுப்பு உயரத்தில் நீட்டியிருந்த கை அவருக்குத் தெரியவில்லை. தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தேங்க்யூ சார், ரொம்ப தேங்க்ஸ். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அடுத்த வார்த்தையைத் தேடினார். கை அப்படியே நின்றது. அண்ணா பார்த்துவிட்டார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். நாய்களைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நின்றிருந்த நாய் உட்கார்ந்துவிட்டது. பெங்களூர்க்காரர் கையை மடக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வாயால் கேட்கவில்லை, ஆனால் அது கேள்விதான். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் ஒரு எட்டு முன்னால் வந்து, சார்ஜென்ட்டின் வலது கையைத் தேடி எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எத்தனை நாளா சார்?" என்றார் ரொம்ப மெதுவாக.

சார்ஜென்ட்டின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "ரெண்டு வருஷமா. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன் சார்."

"புரியுது" என்றார் பெங்களூர்க்காரர். "நீங்க காட்டினது சரியான நாய். அதுல மாற்றமே இல்லை. ஆனா என்னால பாஸ் போட முடியாது."

"கூடாது சார்" என்றார் சார்ஜென்ட். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் திரும்ப அலற ஆரம்பித்தது.

அண்ணா தன் அம்பாசடரில் எல்லோரையும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். சார்ஜென்ட் ரயிலில் போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தலையசைக்காமல் இருந்திருக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணை, ஆடி மாசத்தை, நல்ல மனசோடு கை நீட்டின அந்த மனிதரை, எல்லாவற்றையும் உள்ளுக்குள் திட்டினேன். வண்டி வருவதாக மணி அடித்தார்கள். அவர் ஷூ நுனியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"மேடம், அவர் கை... எவ்வளவு நேரமா நீட்டிக்கிட்டு இருந்தார்?"

"நேரமெல்லாம் இல்லை சார்" என்றேன். "அவர் நீட்டினார், நீங்க உடனே பிடிச்சுட்டீங்க."